புதுக் காருக்குக் கண்ணாடிச் சட்டை தேவையா?

புதுக் கார் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் நாள் ஒரு குடும்பத்துக்கு எத்தகைய நாள் என்பதைத் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. கோயிலுக்குக் கொண்டு போய்த் தேங்காய் உடைத்து, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் மனம் நிறையும். ஒரு காலத்தில் தோட்டத்துக்குள் கார் நுழைந்தால் அது துரையின் கார். இல்லையென்றால் டாக்டரின் கார். நம்மவர்களுக்குச் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். அப்படி இருந்த குடும்பத்தில் பிள்ளை படித்து, வேலைக்குப் போய், தன் பெயரில் ஒரு கார் வாங்குகிறான் என்றால் அது வெறும் இரும்பு வண்டியா? பெற்றவர்கள் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பலன் அல்லவா!

அந்த மகிழ்ச்சியான நேரத்தில்தான் விற்பனையாளர் மெதுவாக ஒரு பேச்சை எடுக்கிறார். "புதுச் சாயத்தின் மேல் கண்ணாடி போல் ஒரு படலம் ஒட்டிவிடலாம். கீறல் விழாது, கல் பட்டாலும் தெரியாது. காசு கையிலிருந்து போட வேண்டாம். காரின் விலையோடு சேர்த்து விடலாம். மாதத்துக்கு எழுபது வெள்ளிதான் கூடும்."

ஜாசின் பக்கம் ஒரு வீட்டில் இந்தப் பேச்சு இரண்டு நாள் ஓடியது. மகனுக்கு ஆசை. பெகோ தொழிற்பேட்டையில் வேலை. தினமும் நெடுஞ்சாலையில் போய் வருபவன். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய தகப்பனாரோ, "ஏன் தம்பி, தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற கதையாக இருக்கிறதே! சாயம்தானே காருக்குச் சட்டை? சட்டைக்கு மேலே இன்னொரு சட்டையா?" என்று கேட்டார். மகன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தகப்பனார் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? வாருங்கள், சற்று விவரமாகவே பார்ப்போம்.

படலம் என்பது என்ன?

கடைக்காரர்கள் 'பி.பி.எப்.' என்று சொல்லும் இந்தப் படலம் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். நல்ல தரமானவை பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனவை. இப்பொருளை 1937-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலார் கண்டுபிடித்தார். நாம் படுத்துறங்கும் பஞ்சு மெத்தையிலும், காலில் போடும் காலணியின் அடிப்பாகத்திலும் இருப்பது இதன் உறவுப் பொருள்களே. ரப்பரைப் போல இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

இதைப் படலமாக்கி ஒட்டும் வழக்கம் கார்களில் தொடங்கியதல்ல. 1960-களில் வியட்நாம் போர் நடந்தபோது அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்லும் அரித்தன. அந்த இறக்கைகளின் முன்விளிம்பைக் காக்கத் 'திரீ எம்' நிறுவனம் இத்தகைய படலத்தைச் செய்து கொடுத்தது. பின்னாளில் அது பந்தயக் கார்களுக்கு வந்தது. அங்கிருந்து விலை உயர்ந்த கார்களுக்கு வந்தது. இன்று நம் மலாக்கா பட்டணத்துக் கடைகளில் சாதாரண உள்நாட்டுக் கார்களுக்கும் ஒட்டப்படுகிறது.

நல்ல படலத்தின் கனம் ஏறக்குறைய 150 முதல் 200 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஓர் இழையின் கனம் சுமார் 70 மைக்ரான். அப்படியானால் படலம் இரண்டு மூன்று முடி கனம்தான். அந்த மெல்லிய தோல்தான் கல்லடியை வாங்கிக் கொள்கிறது.

பால்மரமும் காரின் சாயமும்

காரின் சாயத்தைப் பற்றி விளங்கிக் கொள்வதற்கு நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்? 1896-ஆம் ஆண்டு மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சே யான் உண்டாக்கியது இந்த மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். அது தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பால்மரத்தின் பட்டையை அளந்து சீவியவர்கள் நம்மவர்கள்.

பட்டையை ஆழம் பார்த்து வெட்ட வேண்டும். மேலாக வெட்டினால் பால் வராது. ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் விழும். உள்ளே இருக்கும் உயிர்த்தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு நிறுத்துவதுதான் கைதேர்ந்தவர் வேலை. காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி அங்கே வெட்ட முடியாது. மண்டோர் வந்து சத்தம் போடுவதும் அதற்காகத்தானே?

காரின் சாயமும் ஒரு பட்டைதான். அலோர் காஜா வட்டாரத்துப் பெகோவில் 2003-ஆம் ஆண்டிலிருந்து ஹோண்டா கார்கள் தயாராகின்றன. அங்கானாலும் சரி, வேறு எந்தக் கார்த் தொழிற்சாலையானாலும் சரி, இந்தக் காலத்தில் சாயம் அடிப்பது ஒரே பூச்சில் முடிகிற வேலை அன்று. முதலில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு. அதன் மேல் அடிப்பூச்சு. அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற, கண்ணாடி போன்ற ஒரு மேற்பூச்சு. இத்தனையும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேற்பூச்சு மட்டும் 35 முதல் 50 மைக்ரான். அதாவது ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை!

பளபளப்பும் பாதுகாப்பும் அந்த மேற்பூச்சில்தான் இருக்கின்றன. கீறலைப் போக்கப் பட்டறையில் இயந்திரம் வைத்துத் தேய்க்கிறார்களே, அப்போது என்ன நடக்கிறது? கீறல் நிரம்புவதில்லை. சுற்றியுள்ள மேற்பூச்சைச் சீவிக் கீறலின் மட்டத்துக்குக் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் பட்டை தேய்கிறது. பால்மரத்துப் பட்டையாவது திரும்ப வளரும். காரின் மேற்பூச்சு வளராது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிறகு நிறம் வெளுத்து, உரிந்து, கூரைமேல் வெள்ளைத் தேமல் படர்ந்த பழைய கார்களை நாம் தெருவில் பார்ப்பதில்லையா?

மழைக் காலத்தில் வெட்டுக் கோட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைப்பார்கள். பட்டையில் வழியும் தண்ணீர் கோட்டிலும் மங்கிலும் இறங்காமல் இருக்க அந்த ஏற்பாடு. முழு மரத்தையும் யாராவது பிளாஸ்டிக்கால் மூடினார்களா? தேவையான இடத்தில் மட்டும்தானே ஒட்டினார்கள்? இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

எதைக் காக்கும்? எதைக் காக்காது?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நல்ல படலம் பல தொல்லைகளைத் தடுக்கத்தான் செய்கிறது. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லோரியின் சக்கரம் தெறிக்கும் பொடிக்கல், குலை ஏற்றும் வண்டிகள் போகும் செம்மண் சாலையின் சரளை, கண்ணாடியிலும் மூக்கிலும் மோதிச் சாகும் பூச்சிகள், பறவை எச்சம், மரப்பிசின் ஆகியவை சாயத்தைத் தொடாமல் படலத்தோடு நின்று விடும். துணியால் துடைக்கும்போது விழும் நூல் போன்ற மெல்லிய கீறல்கள், வெயில் சூட்டிலோ வெந்நீர் ஊற்றினாலோ தாமாகவே மறைந்து விடுவதும் உண்மையே. படலத்தின் மேல்தோல் சூட்டில் இளகி மறுபடி சமமாகிறது.

ஆனால் விற்பனையாளர் சொல்லாத பக்கமும் உண்டு. கடைவாசலில் இன்னொருவர் கதவைத் திறந்து இடித்தால் தகடு நசுங்கும்; படலம் தடுக்காது. ஆணியாலோ சாவியாலோ அழுத்திக் கீறினால் படலம் கிழியும். பெரிய கல் பாய்ந்து வந்தால் படலத்தையும் தாண்டிச் சாயத்தில் தழும்பு விழலாம். எச்சத்தையும் பிசினையும் நாள்கணக்கில் விட்டு வைத்தால் படலத்திலேயே கறை பிடிக்கும். படலம் ஒட்டிய காரையும் கழுவத்தான் வேண்டும்.

இன்னொன்று: விலை குறைந்த படலங்களில் சில 'பி.வி.சி.' என்னும் வேறு பிளாஸ்டிக்கால் ஆனவை. நம் நாட்டு வெயிலில் நிற்க நிற்க அவை மஞ்சளாகி, விறைத்து, ஓரங்களில் சுருங்கும். வெள்ளைக் காரில் மஞ்சள் படலம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காக்க வந்ததே கறையாகி விடும்.

'செராமிக்' பூச்சு என்று ஒன்றையும் கடைகளில் சொல்வார்கள். அது வேறு; இது வேறு. செராமிக் என்பது மிக மெல்லிய திரவப் பூச்சு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், கழுவுவது எளிது. ஆனால் கல்லடியைத் தாங்கும் கனம் அதற்கு இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டி விடாதீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் பெரியவர்கள். முழுக் காருக்கும் தரமான படலம் ஒட்டப் பல ஆயிரம் வெள்ளி பிடிக்கும். கணக்குக்காக 6,000 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது மூன்றரை மாத உழைப்பு. அரிசி, பருப்பு, பள்ளிச் செலவு எதுவும் இல்லாமல் மூன்றரை மாதம்!

இதைக் காரின் விலையோடு சேர்த்து ஒன்பது ஆண்டுத் தவணையில் போட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று வெள்ளி மாறாத வட்டி என்று வைத்தால், ஒன்பது ஆண்டுக்கு வட்டி மட்டும் 1,620 வெள்ளி. மொத்தம் 7,620 வெள்ளி. அதை 108 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 70 வெள்ளி 56 சென். "எழுபது வெள்ளிதான்" என்ற பேச்சின் பின்னால் இருக்கும் தொகை இதுதான்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. படலங்களுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டு வரைதான் உத்தரவாதம் தருகிறார்கள். வெளியில், வெயிலில் நிற்கும் காரில் அதன் ஆயுள் குறைவாகவே இருக்கும். அப்படியானால் படலம் கிழித்துப் போடப்பட்ட பிறகும் அதற்கான தவணையைக் கட்டிக் கொண்டிருக்க நேரலாம். இல்லாத சட்டைக்கு வாடகை கட்டுவது போலத்தான்!

மறுபுறம், பானெட்டிலோ பம்பரிலோ சாயம் போனால் நம் ஊர்ப் பட்டறையில் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் புதுச் சாயம் அடிக்கச் சில நூறு வெள்ளி ஆகும். சின்னக் கீறலுக்கெல்லாம் காப்புறுதியில் பணம் கேட்கப் போகாதீர்கள். ஐந்து ஆண்டு இழப்பீடு கேட்காமல் இருந்தால் கிடைக்கும் நூற்றுக்கு 55 கழிவு கையை விட்டுப் போய்விடும். பழைய கார் வாங்குகிறவர்கள் வண்டியின் வயது, ஓடிய தூரம், விபத்து ஆகியவற்றைப் பார்ப்பார்கள். படலத்துக்கென்று தனி விலை கொடுப்பவர் அரிது.

யாருக்கு வேண்டும்? யாருக்கு வேண்டாம்?

அப்படியானால் படலமே வேண்டாமா? அப்படியும் சொல்வதற்கில்லை.

தினமும் ஆயர் குரோ, சிம்பாங் அம்பாட் என்று நெடுஞ்சாலையில் லோரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிறவர்கள், புதுக் காரைக் கடனெல்லாம் தீர்ந்த பிறகும் பல ஆண்டு வைத்திருக்கப் போகிறவர்கள், கையில் சேமித்த பணம் உள்ளவர்கள் ஆகியோர் முன்பகுதிக்கு மட்டும் ஒட்டிக் கொள்வதில் தவறில்லை. பானெட்டின் முன்விளிம்பு, முன் பம்பர், பக்கக் கண்ணாடியின் முதுகு, நகம் கீறும் கதவுக் கைப்பிடிக் குழி, செருப்பு உரசும் கதவடி வாசல் ஆகிய இடங்களில்தான் அடி விழுகிறது. வெட்டுக் கோட்டுக்கு மேல் மட்டும் தாள் ஒட்டினோமே, அதே நியாயம்தான். முழுக் காருக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கிலேயே காரியம் முடிந்து விடும்.

தோட்டத்துக்குள்ளும் பக்கத்து ஊருக்கும் மெதுவாக ஓடும் கார், ஏற்கெனவே சாயம் மங்கிய பழைய கார், நான்கைந்து ஆண்டில் மாற்றப் போகும் கார் ஆகியவற்றுக்கு அந்தச் செலவும் தேவையில்லை. பட்டறையில் மறுசாயம் அடித்த பகுதியில் ஒட்டினால் பின்னால் கழற்றும்போது சாயமும் சேர்ந்து உரிந்து வரக்கூடும். அப்படியே ஒட்டினாலும் சாயம் அடித்து ஒரு மாதமாவது ஆறவிட வேண்டும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலணியும் முழங்காலும் உரசும் இடங்களில் சிறு துண்டுப் படலம் ஒட்டுவது செலவு குறைந்த, பயனுள்ள வேலை. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

ஒட்டுவதென்று முடிவு செய்தால்

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. படலம் எந்தப் பொருளால் ஆனது, பாலியூரித்தேனா, பி.வி.சி.யா? உத்தரவாதம் தருவது படலம் செய்த நிறுவனமா, கடைக்காரரா? கடை மூடிவிட்டால் யாரிடம் போவது? மஞ்சளாவதும் ஓரம் உரிவதும் அந்த உத்தரவாதத்தில் எழுதப்பட்டுள்ளனவா? வாய்ப்பேச்சு போதாது, தாளில் இருக்க வேண்டும்.

அடுத்து, வெட்டும் முறை. காரின் மேலேயே கத்தி வைத்துப் படலத்தை வெட்டினால் புதுச் சாயத்தில் கோடு விழலாம். கணினியில் அளவெடுத்து முன்னரே வெட்டிய படலமா என்று கேளுங்கள். அதே கடையில் ஓரிரு ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய கார் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது இன்னும் நல்லது. ஒட்டி முடித்தபின் உள்ளே சிக்கிய ஈரம் காய்ந்து தெளிய நாள்கள் ஆகும். ஒரு வாரமாவது கழுவாமல் விட்டு வையுங்கள்.

நிறமற்ற படலம் காரின் நிறத்தை மாற்றுவதில்லை. நிறப் படலம் ஒட்டி வெள்ளைக் காரைக் கறுப்பாக்குவது வேறு விஷயம். அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் தெரிவித்துப் பதிவில் மாற்ற வேண்டும்.

ஒட்டாதவர்கள் செய்ய வேண்டியது

சாயத்துக்கு உண்மையான எதிரி பெரும்பாலும் நம் கையில் இருக்கும் துணிதான்! செம்மண் புழுதி படிந்த காரை உலர்ந்த பழைய பனியனாலும் கிழிந்த கைலியாலும் துடைக்கிறோம். அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை ஓட விடுங்கள். இரண்டு வாளி வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் கார் கழுவும் சோப்பு நீர், மற்றொன்றில் துணியை அலசும் நல்ல நீர். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். தரையில் விழுந்த துணியை அலசாமல் மறுபடி காரில் வைக்காதீர்கள். மென்மையான நுண்ணிழைத் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். நிழலில், சூடு ஆறிய காரைத்தான் கழுவ வேண்டும்.

பறவை எச்சத்தைக் கண்ட உடனே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள். அதில் உள்ள அமிலம் வெயில் சூட்டில் மேற்பூச்சை அரித்துவிடும். சுரண்டினால் அதிலுள்ள மணல் கீறும். லயத்துக்கு முன்னால் இருக்கும் மாமரத்து நிழல் காருக்குக் குளிர்ச்சிதான். ஆனால் பிசினும் எச்சமும் அங்கேதான் விழும். தகரக் கூரை போட்ட சிறு கொட்டகை ஒன்று இருந்தால் அதைவிட நல்ல படலம் வேறு இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூசினால் தண்ணீரும் அழுக்கும் ஒட்டாது. ஒரு டப்பா மெழுகு பல முறைக்கு வரும்.

நெடுஞ்சாலையில் மணல் லோரிக்கும் கல் லோரிக்கும் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். இடைவெளி விட்டு ஓட்டினால் சாயமும் பிழைக்கும், கண்ணாடியும் பிழைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக உயிரும் பிழைக்கும்.

அந்த வீட்டில் என்ன முடிவானது?

இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு தகப்பனாரும் மகனும் ஒரு தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார்கள். தவணையில் சேர்ப்பதில்லை என்று முடிவானது. மகன் மூன்று மாதம் மிகை நேர வேலைப் பணத்தைச் சேர்த்து, பானெட்டின் முன்பகுதிக்கும் பம்பருக்கும் மட்டும் படலம் ஒட்டிக் கொண்டான். மற்ற இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வாளித் தண்ணீரும் மெழுகும். கழுவுகிறவன் மகன், நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்கே பார், மண் ஒட்டியிருக்கிறது" என்று மண்டோர் வேலை பார்ப்பவர் தகப்பனார்!

வாசகர்களே, காரைக் காப்பது நல்லதே. ஆனால் அந்தக் கார் எந்தக் குடும்பத்துக்காக வாங்கப்பட்டதோ, அந்தக் குடும்பத்தின் அரிசிப் பானையையும் பிள்ளைகளின் படிப்பையும் அல்லவா முதலில் காக்க வேண்டும்? அடி விழும் இடத்துக்கு மட்டும் பாதுகாப்புத் தேடுங்கள். அதுவும் கைப்பணத்தில் தேடுங்கள். ஆழம் பார்த்துப் பட்டை சீவிய பரம்பரைக்குச் செலவின் ஆழம் பார்க்கவா தெரியாது!